ஸ்லிப்ஸ்ட்ரீம்: முன்னால் ஓடும் காருக்கு என்ன, பின்னால் ஓடும் காருக்கு என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் சிலர் கூடிக் கார் பந்தயம் பார்ப்பது வழக்கம். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி போர்ஷே 991 கார்களுக்கான பிரிவில் மூன்றாம் இடம் பெற்ற பிறகு, ஓசூர் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் இளைஞர்களும் தருமபுரியிலிருந்து வரும் ஐ.டி.ஐ. மாணவர்களும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டார்கள். ஆள் புதிதானாலும் கேள்வி பழையதாகவே இருப்பதால், ஸ்லிப்ஸ்ட்ரீம் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்களின் பேச்சிலேயே எழுதிப் பதில்களுடன் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஸ்லிப்ஸ்ட்ரீம், ஸ்லிப்ஸ்ட்ரீம்னு கமென்டரியில சொல்லிக்கிட்டே இருக்காங்களே, அது என்னதாங்க சார்?

வேகமாக ஓடும் கார் தன் முன்னால் உள்ள காற்றைப் பிளந்து ஒதுக்குகிறது. முன்புறத்தில் காற்று நெருக்குண்டு அழுத்தம் கூடுகிறது. பின்புறத்தில் காற்று உடனே வந்து நிரம்ப முடியாததால் அழுத்தம் குறைகிறது. முன்னால் தள்ளும் அழுத்தமும் பின்னால் இழுக்கும் வெறுமையும் சேர்ந்ததே காற்றுத்தடையின் பெரும்பகுதி. கார் கடந்து போன இடத்தில் உள்ள காற்று கலங்கிச் சுழன்றபடி, அந்தக் கார் போன திசையிலேயே சிறிது தூரம் நகர்ந்துகொண்டும் இருக்கிறது. அந்தக் கலங்கல் பகுதிக்குள் இன்னொரு கார் நுழைந்தால் அது எதிர்கொள்ளும் காற்றின் வேகம் குறைவு. எனவே தடையும் குறைவு.

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவர்கள் நீரோட்டத்தை எதிர்த்து வரும்போது பாறைகளின் மறைவில் ஒதுங்கி ஒதுங்கி வருவதைப் பார்த்திருப்பீர்கள். பாறை எதிர்ப்பட்ட நீரைத் தாங்கிக்கொள்வதால் அதன் பின்னால் ஓட்டம் தளர்ந்திருக்கும். பந்தயத்தில் பாறையே மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது என்பது மட்டுமே வேறுபாடு.

அப்போ முன்னாடி போற கார் பின்னாடி வர்றதை இழுத்துக்கிட்டுப் போகுதா?

இல்லை. பின்னால் வரும் காரை ஓட்டுவது அதன் சொந்த இன்ஜின்தான். அந்த இன்ஜின் தோற்கடிக்க வேண்டிய தடை குறைந்துவிட்டதால், அதே திறனில் கூடுதல் வேகம் கிடைக்கிறது. பின்காரின் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அது பின்தங்கத்தான் செய்யும்; தனியாக ஓடும்போது குறைவதைவிடச் சற்று மெதுவாகக் குறையும், அவ்வளவே.

எவ்வளவு வேகம் கூடும்? கணக்கா சொல்லுங்க.

காற்றுத்தடை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. 150 கி.மீ. வேகத்திலிருந்து 300-க்குப் போனால் தடை நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவையான இன்ஜின் திறன் எட்டு மடங்காகும். உச்ச வேகத்தை நெருங்கும்போது ஒவ்வொரு கிலோமீட்டரும் அவ்வளவு விலை உயர்ந்ததாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். தனியாக 300 கி.மீ. வேகத்தில் முட்டி நிற்கும் காருக்குத் தடை 10 சதவீதம் குறைந்தால், டயர் உராய்வு போன்றவற்றைக் கணக்கில் எடுக்காமல், உச்ச வேகம் சுமார் 310 ஆகும். 20 சதவீதம் குறைந்தால் 320-ஐத் தாண்டும். உண்மையில் கிடைப்பது இடைவெளியையும் நேர்ப்பாதையின் நீளத்தையும் பொறுத்தது. வேகம் ஏறுவதற்கே நேரம் பிடிக்கும் என்பதால் குறுகிய நேர்ப்பாதையில் இந்தக் கணக்கு முழுதாக நிறைவேறுவதில்லை.

நான் தொப்பூர் வழியா தினமும் போறேண்ணா. லாரிக்குப் பின்னால ஒட்டிப் போனா பெட்ரோல் மிச்சமாகுமில்ல?

இயற்பியல் ஆம் என்கிறது. நான் வேண்டாம் என்கிறேன். 80 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. லாரியின் காற்று மறைவை நன்றாக உணரும் அளவுக்கு நெருங்கியிருந்தால், பிரேக் விளக்கைப் பார்த்துக் கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் லாரியின் பின்பக்கம் வந்துவிடும். அந்த நெருக்கத்தில் ஓட்டுநருக்கு அவருடைய கண்ணாடியிலும் நீங்கள் தெரிய மாட்டீர்கள். தொப்பூர் கணவாயின் இறக்கத்தில் இதைச் செய்து மிச்சமாகும் பெட்ரோலைப் பற்றி மேலே பேச எனக்கு விருப்பமில்லை.

காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போறது இவரு, ஓசியில வர்றது அவரு. முன்னாடி போறவருக்கு நஷ்டம்தானே?

அதிகமாகக் கேட்கப்படுவதும், அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இந்தக் கேள்விதான். முன்கார் காற்றைப் பிளக்கச் செலவிடும் ஆற்றல், பின்னால் ஒருவர் வந்தாலும் வராவிட்டாலும் செலவாகிவிட்ட ஆற்றல். பின்கார் எடுத்துக்கொள்வது அப்படிக் கைவிடப்பட்ட கலங்கல் காற்றை. முன்காரின் பாக்கெட்டில் இருந்து எதுவும் போவதில்லை. அவருக்கு நேரும் நட்டம் போட்டியில்; வேகத்தில் அல்ல.

இன்னும் ஒரு படி மேலே போகலாம்: பின்கார் மிக நெருங்கி வந்தால் முன்காருக்கும் லாபம் உண்டு. முதல் பதிலில் சொன்ன இரண்டு அழுத்தங்களை நினைவில் கொள்ளுங்கள். பின்காரின் மூக்குக்கு முன்னால் உயர் அழுத்தக் காற்று இருக்கிறது. முன்காரின் வாலுக்குப் பின்னால் தாழ் அழுத்த வெறுமை இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடும் தூரத்துக்கு வந்தால், அந்த வெறுமை ஓரளவு நிரம்பி, முன்காரைப் பின்னோக்கி இழுத்த விசை தளர்கிறது. அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயத்தில், டேடோனா, டல்லடேகா ஆகிய பெரிய ஓவல் தடங்களில் இரண்டு கார்கள் ஒட்டி ஓடினால் எந்த ஒரு தனிக் காரையும்விட வேகமாக ஓடும் என்பது பழைய பாடம். 1960-இல் ஜூனியர் ஜான்சன், போட்டிக் கார்களைவிட வேகம் குறைந்த ஷெவ்ரலே காரை வைத்துக்கொண்டு, வேகமான கார்களின் பின்னால் ஒட்டிக்கொண்டே ஓடி டேடோனா 500-ஐ வென்றார். 1987-இல் டல்லடேகாவில் பாபி ஆலிசனின் கார் பறந்து வேலியில் மோதிய பிறகு, 1988 முதல் அந்த இரண்டு தடங்களிலும் இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் தகட்டைப் பொருத்தினார்கள். எல்லாருடைய திறனும் ஏறக்குறைய ஒரே அளவாகிவிட்டதால், யாருக்கு யார் பின்னால் என்பதே பந்தயத்தைத் தீர்மானிக்கத் தொடங்கியது.

இதன் உச்சம் 2011. இரண்டிரண்டு பேராக, பம்பரோடு பம்பர் ஒட்டி, ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டே முழுப் பந்தயமும் ஓடினார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் டல்லடேகாவில் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் பின்னாலிருந்து தள்ள, ஜிம்மி ஜான்சன் 0.002 விநாடி வித்தியாசத்தில் வென்றார். அவ்வளவு தூரம் தள்ளியவர் வெல்லவில்லை என்பதைக் கேட்டால் எங்கள் மாடியில் ஒரு சிலருக்கு இன்றும் கோபம் வருகிறது.

அப்படின்னா ஃபார்முலா ஒன்ல முன்னாடி போறவருக்கு அந்த லாபம் ஏன் கிடைக்கறதில்ல?

மூன்று காரணங்கள். ஃபார்முலா ஒன் காரின் பின் இறக்கையும் அடிப்பாகமும் காற்றை மேல்நோக்கி எறிவதால், பின்காரின் மூக்கு முன்காரின் வெறுமையைச் சரியாக நிரப்பும் இடத்தில் இருப்பதில்லை. சக்கரங்கள் திறந்திருப்பதால் ஒட்டி ஓடினால் முன் இறக்கை உடையும். எனவே யாரும் அந்த நெருக்கத்துக்குப் போவதில்லை. மூன்றாவதாக, தடத்தில் வளைவுகள் அதிகம். அடுத்த பதில் அதைப் பற்றியதுதான்.

நேர் ரோட்டுல நெருங்கி வர்றாங்க, வளைவு வந்ததும் பழையபடி பின்தங்கிப் போயிடறாங்களே, ஏன்?

நேர்ப்பாதையில் கொடுத்த அதே கலங்கல் காற்று வளைவில் பறித்துக்கொள்கிறது. பந்தயக் காரின் இறக்கைகளும் அடித்தளமும் விமானத்தின் இறக்கையைத் தலைகீழாக வைத்தது போல வேலை செய்து, காரைத் தரையோடு அழுத்துகின்றன. டவுன்ஃபோர்ஸ் என்று சொல்வது இந்த அழுத்தத்தைத்தான். வேகமான வளைவில் டயர் வழுக்காமல் பிடித்திருப்பது அதனால்தான். இறக்கை நன்றாக வேலை செய்ய, சீரான காற்று வேகமாக வர வேண்டும். முன்காரின் பின்னால் காற்று மெதுவாகவும் சுழன்றும் வருவதால், தடை குறைவது போலவே டவுன்ஃபோர்ஸும் குறைகிறது. ஒன்றை மட்டும் பெற்றுக்கொண்டு மற்றதை மறுக்க முடியாது.

அதிலும் முதலில் பாதிக்கப்படுவது முன் இறக்கை. எனவே பின்காரின் மூக்கு, ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போகும். அவர் வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் டயர் வழுக்கிச் சூடேறும். சூடேறிய டயரின் பிடிப்பு மேலும் குறையும். இரண்டு மூன்று சுற்றுகள் ஒட்டி ஓடிவிட்டு ஒருவர் தானாகவே பின்வாங்குவதைப் பார்த்தால், அவருக்குத் துணிச்சல் போய்விட்டது என்று சொல்லிவிடாதீர்கள், டயரை ஆற்றிக்கொள்கிறார்.

ஃபார்முலா ஒன் நிர்வாகம் வெளியிட்ட கணக்குப்படி, 2021 வரையிலான கார்கள் முன்காருக்கு 20 மீட்டர் பின்னால் 35 சதவீதமும், 10 மீட்டர் பின்னால் 46 சதவீதமும் டவுன்ஃபோர்ஸை இழந்தன. 2022-இல் அடித்தளத்தின் வழியாக அதிக அழுத்தம் பெறும் புதிய வடிவத்துக்கு மாறியபோது, அந்த இழப்பு 20 மீட்டரில் 4 சதவீதமாகவும் 10 மீட்டரில் 18 சதவீதமாகவும் குறையும் என்று அறிவித்தார்கள். கலங்கல் காற்றை ஒடுக்கி மேலே எறிந்தால் பின்காருக்கு வளைவில் நல்லது. ஆனால் ஒளிந்துகொள்ளக் காற்று மறைவும் சிறியதாகிவிடுவதால் நேர்ப்பாதையின் லாபமும் சுருங்கும். அந்த ஆண்டு ஓட்டுநர்கள் பலர் இதைத்தான் சொன்னார்கள்.

டி.ஆர்.எஸ்.ஸும் ஸ்லிப்ஸ்ட்ரீமும் ஒண்ணுதானே?

இல்லை. ஸ்லிப்ஸ்ட்ரீம் இயற்கை, டி.ஆர்.எஸ். விதி. 2011-இல் கொண்டுவரப்பட்ட அந்த ஏற்பாட்டில், குறித்த இடத்தில் முன்காருக்கு ஒரு விநாடிக்குள் இருப்பவர் தன் பின் இறக்கையின் ஒரு தகட்டைத் திறந்து தடையைக் குறைத்துக்கொள்ளலாம். 300 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடி என்பது 83 மீட்டர். முன் பதிலில் சொன்ன வளைவு இழப்புக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட சலுகை அது. 2026 விதிகளில் டி.ஆர்.எஸ். இல்லை, இறக்கைத் தகடுகளை எல்லாரும் நேர்ப்பாதையில் படுக்க வைக்கலாம், ஒரு விநாடிக்குள் இருப்பவருக்குக் கூடுதல் மின்திறன் கிடைக்கும். இறக்கையைத் திறந்து தாண்டியதைவிட, காற்றைக் கணக்கிட்டுத் தாண்டியதே எனக்கு ரசிக்கத் தக்கதாகத் தோன்றும். மாடியில் பாதிப் பேர் இதை ஒப்புக்கொள்வதில்லை.

ஒட்டியே போனா பின்கார் இன்ஜின் சூடாகாதா?

ஆகும். ரேடியேட்டருக்குக் காற்று குறைவாக வருகிறது. வருவதும் முன்காரின் சூட்டைச் சுமந்து வருகிறது. பிரேக்குக்கும் அதே கதி. மேலே சொன்ன 2011 நாஸ்கார் இணைகளில், தள்ளுபவரின் இன்ஜின் சூடேறியதால் இருவரும் அவ்வப்போது இடம் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இணை ஓட்டத்தைக் குறைக்க விரும்பிய நாஸ்கார் 2012-இல் காற்று புகும் திறப்பையும் குளிர்விப்பு அமைப்பையும் கட்டுப்படுத்தியது. சூட்டைக் காட்டியே இருவரையும் பிரித்தார்கள். ஃபார்முலா ஒன் ஓட்டுநர் நேர்ப்பாதையில் சற்றே பக்கவாட்டில் விலகி விலகி ஓடுவதும் பெரும்பாலும் குளிர்ந்த காற்றுக்காகத்தான்.

முன்னாடி போறவருக்குத் தப்பிக்க வழியே இல்லையா?

உண்டு. நேர்ப்பாதைக்கு முந்தைய வளைவிலிருந்து வேகமாக வெளியேறி, பின்கார் காற்று மறைவுக்குள் வருவதற்கு முன்பே தூரத்தைக் கூட்டுவது முதல் வழி. பாதையை மாற்றி மறைவை உடைப்பது இரண்டாவது. ஆனால் ஃபார்முலா ஒன்னில் தற்காப்புக்காக ஒரு முறைதான் பாதை மாற்றலாம். பாம்பு போல நெளிந்தால் தண்டனை. அமெரிக்காவின் இண்டிகாரில் வழக்கம் வேறாக இருந்தது: 2023 இண்டியானாபொலிஸ் 500-இன் கடைசிச் சுற்றில் ஜோசஃப் நியூகார்டன், பின்னால் வந்த மார்கஸ் எரிக்சனுக்குக் காற்று மறைவு கிடைக்காதபடி நெளிந்து நெளிந்து ஓடியே வென்றார்.

முன்காருக்கு வரும் ஆபத்துகளையும் சொல்லிவிட வேண்டும். நாஸ்காரில் பின்கார் மிக நெருங்கினால், முன்காரின் வால் தகட்டின் மேல் சீராக ஓடிய காற்று கெட்டு, அதன் பின்சக்கரப் பிடிப்பு தளரும். மோதாமலே முன்காரைத் தடுமாற வைக்கலாம். மூத்த டேல் எர்ன்ஹார்ட் இதில் பெயர் பெற்றவர். பக்கவாட்டில் வந்து, தன் மூக்கை எதிரியின் பின்சக்கரத்துக்கு நேராக நிறுத்தி, தன் உயர் அழுத்தக் காற்றை எதிரியின் வால் தகட்டில் மோதவிட்டு அவர் வேகத்தைக் குறைப்பது இன்னொரு வித்தை. முன்காருக்கு நட்டமே இல்லை என்று மேலே நான் சொன்னது நேர் பின்னால் வருபவரைப் பற்றி மட்டும்.

கடைசி லேப்ல முதல்ல இருக்கறது நல்லதா, ரெண்டாவதா இருக்கறது நல்லதா?

தடத்தைப் பொறுத்தது. முந்த இடமே கிடைக்காத மோனாக்கோவில் முதலிடம். வளைவு குறைந்து நேர்ப்பாதை மிகுந்த, இத்தாலியின் பழைய மொன்சா தடத்தில் இரண்டாமிடமோ நான்காமிடமோகூட மேல். 1971 இத்தாலியப் பந்தயத்தில் பீட்டர் கெதின் 0.01 விநாடியில் வென்றார். முதல் ஐந்து பேரும் 0.61 விநாடிக்குள் கோட்டைத் தாண்டினார்கள். ஒருவர் முன்னால் போவதும் பின்னால் இருப்பவர் அவர் மறைவிலிருந்து பாய்ந்து தாண்டுவதுமாகவே அந்தப் பந்தயம் முழுவதும் நடந்தது. அடுத்த ஆண்டு மொன்சாவில் வேகத்தைக் குறைக்கும் வளைவுகளை அமைத்தார்கள்; அத்தகைய பந்தயம் அங்கே அதோடு முடிந்தது.

தாண்டுவதற்கு எப்போது விலகுவது என்பதே கலை. சீக்கிரம் விலகினால் மறைவு போய், எதிர்காற்றில் வேகம் குறைந்து, எதிரி திரும்பத் தாண்டுவார். தாமதித்தால் கோடு வந்துவிடும்.

மறைவுல இருந்தும் வேகம் கூடலையே, ஏன்?

பெரும்பாலும் கியர். கடைசிக் கியரில் இன்ஜின் தன் சுழற்சி எல்லையைத் தொட்டுவிட்டால், காற்று எவ்வளவு வழிவிட்டாலும் பயனில்லை. 2014 முதல் ஃபார்முலா ஒன் அணிகள் எட்டு கியர்களின் விகிதங்களையும் ஆண்டு முழுவதற்கும் முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும் என்பதால், தடத்துக்குத் தடம் மாற்றிக்கொள்ள முடியாது. முற்காலத்தில் மாற்றலாம்: 1969 மொன்சாவில் ஜாக்கி ஸ்டூவர்ட், கடைசி வளைவிலிருந்து கோடு வரை கியர் மாற்றவே தேவையில்லாதபடி விகிதத்தைத் தேர்ந்து, யோகன் ரிண்ட்டை 0.08 விநாடியில் வென்றார்.

குவாலிஃபையிங்ல யாருமே முதல்ல போக மாட்டேங்கறாங்களே?

யார் எந்த இடத்திலிருந்து புறப்படுவது என்பதைத் தீர்மானிக்கும் சுற்று அது. அதில் தனியாகச் சுற்றினால் மறைவு இல்லை. 2019 மொன்சா தகுதிச் சுற்றின் கடைசிக் கட்டத்தில் ஒவ்வொருவரும் அடுத்தவரை முன்னே போகவிட ஊர்ந்ததில், பெரும்பாலானோர் நேரம் முடிவதற்குள் கடைசிச் சுற்றைத் தொடங்கும் கோட்டையே தொடவில்லை.

பின்னாடி போற காரு பறந்துடும்னு சொல்றாங்களே, நிஜமா?

நடந்திருக்கிறது. 1999-இல் பிரான்ஸின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் மெர்சிடிஸ் சி.எல்.ஆர். கார்கள் மூன்று முறை மேலெழும்பிக் கவிழ்ந்தன: தகுதிச் சுற்றிலும் பந்தய நாள் காலைப் பயிற்சியிலும் மார்க் வெப்பரின் கார், பந்தயத்தில் பீட்டர் டம்பிரெக்கின் கார். வேறொரு காரின் பின்னால் ஓடும்போது முன்பக்க டவுன்ஃபோர்ஸ் குறைகிறது. அந்த நிலையில் சாலையின் மேட்டைத் தாண்டும்போது மூக்கு சற்றே உயர்ந்தால், தட்டையான அடிப்பாகத்தில் காற்று புகுந்து அதையே இறக்கையாக்கிவிடுகிறது. மூவருமே உயிர் பிழைத்தார்களா என்று கேட்பவர்களுக்கு: ஓட்டுநர் இருவர்தான், இருவரும் பிழைத்தார்கள்.

எதிர்காத்து அடிச்சா? ஓசூர் மாதிரி மேட்டு ஊர்ல ரேஸ் வெச்சா?

தடை என்பது காருக்கும் காற்றுக்கும் இடையிலான வேகத்தைப் பொறுத்தது. எதிர்காற்றில் தடை கூடுவதால் மறைவின் மதிப்பும் கூடும். பின்காற்றில் இரண்டும் குறையும். பக்கக்காற்று கலங்கல் பகுதியையே ஓரமாகத் தள்ளிவிடும். அப்போது நேர் பின்னால் ஓடினால் மறைவு கிடைக்காது, சற்று விலகி ஓட வேண்டும். உயரம் கூடினால் காற்றின் அடர்த்தி குறையும். ஏறத்தாழ 900 மீட்டர் உயரமுள்ள ஓசூரில், கடல் மட்டத்தை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தைவிடக் காற்று சுமார் 8 சதவீதம் மெலிது. தடையும் மறைவின் லாபமும் அதே அளவில் குறையும்.

மூணு கார் வரிசையா போனா நடுவுல இருக்கறவருக்கு என்ன ஆகும்?

தடை அவருக்குத்தான் மிகக் குறைவு. முன்னால் மறைவு, பின்னால் வெறுமையை நிரப்ப ஒருவர் என, நாஸ்கார் பற்றிய பதிலில் சொன்ன இரண்டு லாபங்களும் அவருக்குச் சேர்ந்து கிடைக்கின்றன. ஆனால் முன்பக்கப் பிடிப்பும் கெடுகிறது, வால் தகட்டின் காற்றும் கெடுகிறது, இன்ஜினும் சூடேறுகிறது. ஓட்டுவதற்கு மிகக் கடினமான இடமும் அதுவே.

அவர் முதல் காரைத் தாண்ட எண்ணி வரிசையை விட்டு வெளியே வந்தால், மூன்றாமவர் அவரோடு சேர்ந்து வருகிறாரா என்பதே எல்லாம். வந்தால் இருவரும் சேர்ந்து முன்னவரைத் தாண்டுவார்கள். வராமல் முன்னவரோடு ஒட்டிக்கொண்டால், வெளியே வந்தவர் தனிக் காராக எதிர்காற்றில் மாட்டிக்கொள்வார். பின்னால் நீண்ட வரிசை இருந்தால், மறுபடி நுழைய இடைவெளி கிடைப்பதற்குள் பத்துப் பதினைந்து இடங்கள் கீழே போய்விடுவார்.